கோவிந்தசாமிக்கு ஒரு கற்பூரம்

போன மாதம், நான் வேலை பார்த்த பயண நிறுவனத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். எங்கள் ஆள்தான், இங்கே ரொறன்ரோவிலேயே பிறந்தவள்.

"அங்கிள், நீங்க பெருவில அந்த சவுத் வாலி டே ட்ரிப் செய்தனீங்கள்தானே? வி ஆர் பிரிங்கிங் இட் பாக். ஆக்களுக்குத் தெரியாத இன்கா இடங்கள் எண்டு போடப் போறம். கொஞ்சம் நோட்ஸ் எழுதித் தருவீங்களா?"

ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எங்கே ஏற்றம், எங்கே நிழல் இல்லை, எந்தக் கடையில் கழிப்பறை சுத்தம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அவளுக்கு நல்ல சந்தோஷம். அந்த இரண்டு பக்கத்திலும் வராததைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். எழுதினால் மனப்பாரம் இறங்கும் என்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். இதுவரை ஒன்றும் இறங்கவில்லை.

யாழ்ப்பாணத்தான் ஒருவன் இன்காக்காரரின் கற்களைக் காட்டப் போனது எப்படி என்று கலியாண வீடுகளில் கேட்டுச் சிரிப்பார்கள். நான் படித்துப் போனவன் இல்லை, அகப்பட்டுப் போனவன். எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டி வந்த ஏஜென்சிக்காரன் என்னைப் பெருவில் இறக்கிவிட்டான். ஊரில் ஒரு காலம் கணக்குப் படிப்பித்தவன் என்பதால் எல்லோரும் அவனை மாஸ்டர் என்பார்கள். கணக்கில் அவன் கெட்டிக்காரன்தான். மலைக்கு மேலே குஸ்கோ நகரத்தில் ஓர் அறையில் என்னை இருத்தி, அடுத்த கிழமை பொலிவியா வழியாக ஏற்றுகிறேன் என்று சொல்லி, பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை.

அந்தப் பாஸ்போர்ட்டும் என்னுடையது அல்ல. கோவிந்தசாமி ராமையா என்ற மலேசியத் தமிழர் ஒருவருடையது. அவர் படத்தை எடுத்துவிட்டு என் படத்தை ஒட்டியிருந்தார்கள். கொழும்பு விமான நிலையம் முதல் லீமா வரைக்கும் நான் கோவிந்தசாமி. அவருடைய பிறந்த நாள், தாயின் பெயர் எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். வந்து சேர்ந்தவுடன் ஏஜென்சிக்காரன் புத்தகத்தைத் திருப்பி வாங்கி, அடுத்து வருகிறவனுடைய படத்தை ஒட்டுவான். அதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். ஒரு பெயரில் நாலைந்து பேர் கடல் தாண்டுவோம்.

குஸ்கோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி ஸ்பானிஷ் மொழி பழகினேன். பிறகு ஒருவழியாக ரொறன்ரோ வந்து, பார்க்டேலில் ஓர் அப்பார்ட்மெண்டில் ஐந்து பேரோடு ஒருவனாக இருந்தபோது, ஸ்பானிஷ் தெரிந்த ஆள் தேவை என்ற விளம்பரம் பார்த்துப் போனேன். தொலைபேசி எடுப்பதற்குத்தான் சேர்த்தார்கள். இரண்டாம் வருடம் பயணக் கூட்டத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பியவர் இலோனா. நிறுவனத்தின் சொந்தக்காரி, ஹங்கேரியில் பிறந்தவர். குமர்ப் பிள்ளையாக இருந்த காலத்தில் எல்லை தாண்டி ஓடி வந்தவர் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. யாராவது ஒரு சிக்கலோடு அறைக்குள் போனால், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து, தோல் அறாமல் ஒரே சுருளாக உரித்துக்கொண்டே கேட்பார். ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார். தோல் முழுதும் கழன்றதும் முடிவைச் சொல்வார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

அவரிடம் நான் கற்ற தொழில் இவ்வளவுதான். பயணத்துக்கு முந்திய கூட்டத்தில் ஒவ்வொருவருடைய சப்பாத்தையும் குனிந்து பெருவிரலில் அமுக்கிப் பார்க்க வேண்டும். குஸ்கோவின் உயரத்தில் மூச்சு வாங்கும் என்பதால், இறங்கிய முதல் நாள் யாரையும் நடக்கவிடக் கூடாது, கோக்கா இலைத் தேநீர் கொடுத்துப் படுக்க வைக்க வேண்டும். காலையில் குட்மோர்னிங் சொல்லும்போது உதட்டையும் நகத்தையும் பார்க்க வேண்டும், நீலம் பாய்ந்திருந்தால் அன்றைக்கு அவர் பஸ் ஏறக் கூடாது. ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்து பார்ப்பதைச் சாரதியிடம் விடக் கூடாது. எந்த இடத்தையும் இடிபாடு என்று சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பஸ்ஸில் தலையை எண்ணக் கூடாது, முகத்தை எண்ண வேண்டும்.

"தலையை எண்ணினால் கணக்குச் சரியாக வரும்" என்பார் இலோனா. "ஆள் மாறியிருக்கும்."

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், பெருவில் குண்டு வெடிப்பெல்லாம் ஓய்ந்து வெள்ளைக்காரர் மறுபடியும் போகத் தொடங்கிய நேரம், இலோனா இந்த ஒருநாள் பயணத்தைப் புதிதாகச் சேர்த்தார். எல்லோரும் மொய்க்கும் மலைக்கோட்டையை விட்டு, குஸ்கோவுக்குத் தெற்கே போகும் சாலையில் மூன்று இடங்கள். முதலில் திப்போன் என்ற இடம். படிப்படியாக இறங்கும் வயல்கள், அவற்றுக்கு நடுவே இன்காக்கள் வெட்டிய கல் வாய்க்கால், அதில் இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது. பிறகு இன்காக்களுக்கும் முந்திய ஒரு நகரத்தின் மண் நிற மதில்கள். கடைசியில் சாலையோரம் ஒரு பெரிய கல் வாசல். இடையில் கோதுமைப் பாண் சுடுவதற்குப் பேர்போன ஓர் ஊர் வரும். எங்கள் அலுவலகத்தில் அதைப் பாண் ஊர் என்றுதான் சொல்வோம். கொஞ்ச நேரம் இறங்கி, வட்டப் பாண் வாங்கிக்கொண்டு ஏறிவிடுவதாகத் திட்டம்.

அந்தப் பயணத்துக்கான பிரசுரம் அச்சாகி வந்த மாசிக் குளிரில் ஒருநாள் மகேசண்ணையும் அவர் மனைவி பவளக்காவும் அலுவலகத்துக்கு வந்தார்கள். மிசிசாகாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். அவர் விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் வேலை, அந்த ஜக்கெட்டோடேயே வந்திருந்தார். வேலைத்தலத்துச் சாப்பாட்டறையில் யாரோ போட்டுவிட்டுப் போன எங்கள் பிரசுரத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"தம்பி, நீர் தமிழோ?"

"ஓம் அண்ணை. இருங்கோ."

அவர் இருக்கவில்லை. பிரசுரத்தை விரித்துத் திப்போன் படத்தில் விரலை வைத்தார். "இந்தத் தண்ணி எத்தினையாப் பிரிஞ்சு விழுது?"

படத்தில் அது தெரியாது. நான் போய்ப் பார்த்து வந்தவன் என்பதால் சொன்னேன். "முதல் ரெண்டாப் பிரிஞ்சு, பிறகு நாலா விழும்."

பவளக்கா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "நாலு எண்டுதான் சொன்னவன்" என்றார்.

சுதாகரன் அவர்களுடைய ஒரே மகன். மகளோடு இவர்கள் இருவரும் முதலில் கனடா வந்துவிட்டார்கள். அவன் கொழும்பில் நின்றான், பிடித்து அடைப்பார்கள் என்ற பயத்தில் ஏஜென்சிக்காரன் மூலமாகக் கூப்பிட்டார்கள். நாலு வருடத்துக்கு முன்னர், அப்போது இவர்கள் இருந்த பார்க்டேல் வீட்டுக்குக் கடைசியாகத் தொலைபேசி எடுத்தான். அம்மா, இஞ்சை ஒரு மலையில படி படியா வயல், கல்லுக்குள்ளால தண்ணி வந்து நாலாப் பிரிஞ்சு விழுது, பெரிய வட்டப் பாண் சாப்பிடுறம், என்னோடை இன்னுமொரு பொடியன் நிக்கிறான், யோசிக்காதேங்கோ. அவ்வளவுதான். பிறகு ஒரு சத்தமும் இல்லை. நாடு எது என்றுகூட அவன் சொல்லவில்லை. ஏஜென்சிக்காரன் யார் என்று கேட்டேன்.

"மாஸ்டர் எண்டு ஒருத்தன்" என்றார் மகேசண்ணை.

என்னைக் கொண்டு வந்ததும் அவன்தான் என்று சொன்னேன். பவளக்கா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என்னைப் பிடித்தால் மகனைப் பிடித்த மாதிரி என்று நினைத்தாரோ தெரியாது. அந்தப் பிடி எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

இலோனாவிடம் போனேன். தோடம்பழம் வெளியே வந்தது. நான் சொல்லி முடித்தும் அவர் உரித்துக்கொண்டேயிருந்தார். பிறகு சொன்னார். "பாண் ஊரில் மத்தியானச் சாப்பாடு வை. மற்றவர்கள் சாப்பிடட்டும், நீ இவர்களோடு போ. அவர்கள் கேட்பதைக் கேள், ஊர்க்காரர் சொல்வதைச் சொல். நடுவில் உன்னுடைய சொல் ஒன்றும் வேண்டாம்."

வைகாசியில் போனோம். ஓய்வுபெற்ற கனடியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், அவர்களோடு இந்த இரண்டு பேர். பவளக்கா சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டு, காலில் இலோனா அமுக்கிப் பார்த்துச் சரியென்ற சப்பாத்தோடு வந்தார்.

திப்போனில் உள்ளூர் வழிகாட்டி, இந்த நீர் மலைக்குள்ளிருந்து வருகிறது, கோடையிலும் வற்றுவதில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் அவரைச் சுற்றி நின்றது. பவளக்கா நேரே தண்ணீர் விழும் அந்தக் கல் பீலியடிக்குப் போய்க் குந்தி, விழுகிற நாலு தாரையிலும் ஒவ்வொன்றாகக் கையை நீட்டினார்.

"அவன் சொன்னது சரி தம்பி. நாலு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதிலை அவனும் கை வைச்சிருப்பான்."

அவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மகேசண்ணை தள்ளி நின்று மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாண் ஊரில் கூட்டத்தைச் சாப்பாட்டு மேசையில் இருத்திவிட்டு, நாங்கள் மூவரும் பாண் சுடும் போறணை போறணையாக ஏறி இறங்கினோம். அந்த ஊர்க்காரருக்கு எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் இந்துக்கள். நாலு வருடத்துக்கு முதல் இங்கே இந்துப் பொடியன்கள் யாராவது இருந்தார்களா என்று ஸ்பானிஷில் கேட்டேன். மூன்றாவது போறணையில் ஒரு நடுத்தர வயதுப் பெண் மா ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். பவளக்காவைத்தான் கூடுதலாகப் பார்த்தாள்.

"இரண்டு பேர்" என்றாள்.

அவள் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். பக்கத்து வீட்டு மேல் அறையில் ஒருவன் இரண்டு பொடியன்களை வைத்திருந்தான். முதலில் வெளியே திரியவிட்டான், மலைக்கும் போய் வந்தார்கள். பிறகு பொலிஸ் தேடுகிறது என்று கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். மாரி காலம் முழுவதும் பூட்டித்தான் கிடந்தது. அவள் பின்பக்க ஏணியில் ஏறி, யன்னல் கம்பிக்குள்ளால் பாண் கொடுப்பாள். உள்ளே இருட்டு. ஒருவன் இருமிக்கொண்டேயிருந்தான். பிறகு இருமல் நின்றுவிட்டது.

அந்த இடத்தில் நான் நிறுத்தினேன். மகேசண்ணை, "முழுக்கச் சொல்லும்" என்றார். சொன்னேன். ஊர்க்காரர் கதவை உடைத்து, இறந்தவனைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அன்றைக்கே அந்த ஏஜென்சிக்காரன் எங்கிருந்தோ வந்து, மற்றவனைத் தெற்கே போகும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

"இருமினது ஆர் எண்டு கேளுங்கோ" என்றார் பவளக்கா. "உயரமானவனோ, கட்டையனோ?"

யன்னலுக்குள்ளால் அவள் கண்டது கைகளைத்தான். கதவை உடைத்த அன்றைக்கு அவள் ஊரில் இல்லை. உடைத்துப் புதைத்தவர்களுக்கோ இரண்டு பேரும் ஒரே மாதிரி மெலிந்த இந்துப் பொடியன்கள்தான் என்றாள்.

"அப்ப கையைக் கேளுங்கோ. என்ரை பிள்ளைக்கு வலக்கை மணிக்கட்டிலை ஸ்திரிக்கைப்பெட்டி சுட்ட தழும்பு இருக்கு."

கேட்டேன். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். ஆம், ஒரு கையில் அப்படி ஒரு தழும்பு இருந்தது, நினைவிருக்கிறது என்றாள். அது இருமியவனுடைய கையா, மற்றவனுடையதா என்று நான் கேட்டேன்.

அவள் அழத் தொடங்கினாள். "இரண்டு கையும் ஒன்றாகத்தான் நீளும், அம்மா" என்றாள். அதையும் தமிழில் சொன்னேன்.

மயானம் ஊரின் மேல்முனையில் இருந்தது. அவளே கூட்டிப் போனாள். மதிலோரத்தில், செத்தல் புல்லுக்கு நடுவே, நீலம் பூசிய ஒரு சின்ன மரச் சிலுவை. சைவப் பிள்ளைக்குச் சிலுவை. குறுக்குச் சட்டத்தில் கறுப்பு மையால் பெயர் எழுதியிருந்தார்கள். ஏஜென்சிக்காரன் திருப்பி வாங்காமல் விட்டு, செத்தவனுடைய பையில் கிடந்த பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிய பெயர். அந்தப் புத்தகத்தை அவன் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

கோவிந்தசாமி ராமையா.

நான் பாடமாக்கிய பெயர், நான் விமான நிலையங்களில் ஓம் என்று தலையாட்டிய பெயர். என் படத்தை உரித்துவிட்டு, அடுத்தவன் படத்தை ஒட்டியிருக்கிறான் மாஸ்டர். அதோடு ஒருவன் மண்ணுக்குள் போய்விட்டான். என் படத்துக்குப் பிறகு வந்த படம் யாருடையது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. இந்தப் பெயரில்தான் நானும் வந்தேன் என்பதை அவர்கள் இருவருக்கும் சொன்னேன்.

"சுதா தன்ரை புத்தகத்திலை என்ன பேர் எண்டு சொன்னவனோ?" என்று கேட்டேன்.

"போனிலை பேர் சொல்லப்படாதெண்டு மாஸ்டர் வெருட்டி வைச்சவன்" என்றார் மகேசண்ணை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிலிம் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே கற்பூரம். மிசிசாகாவிலிருந்து கொண்டு வந்திருக்கிறார். இப்படித்தான் முடியும் என்று அவர் புறப்படும்போதே நினைத்திருக்கிறார்.

பவளக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். "கொளுத்தாதேங்கோ. நீங்கள் கொளுத்தினா என்ரை பிள்ளை செத்ததெண்டு ஆயிடும்."

"இஞ்சாரும். இது எங்கடை பிள்ளையெண்டா, நாலு வருசமா ஒரு விளக்குமில்லாமல் கிடக்கிறான்."

"மற்றவன்தான் என்ரை பிள்ளை. பஸ்ஸிலை போனவன்தான் என்ரை பிள்ளை." அதைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் என்ன கேக்கிறன் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. இதுக்குள்ளை கிடக்கிறதையும் ஒருத்தி பெத்தவள்தானே. அவள் என்னை மன்னிக்கட்டும்."

மகேசண்ணை ஒரு கையில் கற்பூரமும் மறு கையில் நெருப்புப் பெட்டியுமாக நின்றார். கொளுத்தவும் முடியவில்லை, பையில் திருப்பிப் போடவும் முடியவில்லை. ஐம்பத்தேழு வயது மனிதன் காற்றில் அப்படி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. இலோனா சொன்னதை மீறிப் பேசினேன்.

"அண்ணை, அதை இஞ்சை தாங்கோ. உதிலை இருக்கிறது என்ரை பேர். என்ரை பேருக்கு நானே கொளுத்திறன்."

அவர் பவளக்காவைப் பார்த்தார். பவளக்கா தலையை அசைத்தார். சிலுவையடியில் ஒரு தட்டைக் கல்லை வைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொளுத்தினேன். எரிந்து முடியும்வரை மூன்று பேரும் நின்றோம். மகேசண்ணை தேவாரம் ஒன்றைத் தொடங்கி, முதல் அடியோடு விட்டுவிட்டார். பாண்காரப் பெண் தன் நெஞ்சில் சிலுவைக் குறி போட்டாள்.

பயணம் நடுவழியில் நிற்காது. பஸ்ஸில் முகங்களை எண்ணி ஏற்றினேன். மண் மதில்களைப் பார்த்தோம். கடைசியில் அந்தப் பெரிய கல் வாசல். இது பழைய காலத்துக் காவல் வாசல், இதற்கு அப்பால் சாலை தெற்கே பொலிவியாவுக்குப் போகிறது என்றார் உள்ளூர் வழிகாட்டி. பவளக்கா இறங்கிப் போய், வாசலுக்குள் நின்று அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகேசண்ணை பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. பின் கண்ணாடியால் பாண் ஊர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இருவரையும் அன்றைக்கு நான் ஒன்றாகக் குஸ்கோ கொண்டு வந்து சேர்த்தேன். அவர்கள் சேர்ந்து வரவில்லை.

ரொறன்ரோ திரும்பி இலோனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழத்தை உரித்து முடித்தார். முடிவு ஒன்றும் சொல்லவில்லை. பாதியை என்னிடம் நீட்டினார். அவரிடம் வேலை செய்த காலத்தில் அது ஒருமுறைதான் நடந்தது.

அதற்குப் பிறகு தேடாத இடமில்லை. அடுத்தடுத்த பயணங்களில் தெற்கே இருந்த ஊர்களில் விசாரித்தேன், பொலிவியாவுக்கு எழுதினேன். இங்கே தமிழ்ப் பத்திரிகையில், மாஸ்டர் மூலம் பெரு வழியாக வந்து காணாமற்போன பிள்ளைகளின் பெற்றோர் தொடர்பு கொள்ளவும் என்று போட்டோம். ஒருவரும் அழைக்கவில்லை. அந்த இன்னொரு தாய் எங்கே இருக்கிறாள் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. மாஸ்டரையும் யாரும் பிறகு காணவில்லை. அந்தப் பயணம் நடந்த காலம் மட்டும் வருடா வருடம் போய், என் பெயருக்கு ஒரு கற்பூரம் கொளுத்தினேன். ஆட்கள் குறைந்து பயணம் நின்றுபோயிற்று. சிலுவை இப்போது இருக்கிறதோ தெரியாது.

மிசிசாகா வீட்டில் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மகேசண்ணை வருடத்தில் ஒருநாள் கோயிலுக்குத் தனியே போய், பெயர் சொல்லாமல் மோட்ச அர்ச்சனை செய்துவிட்டு வருவார். பவளக்கா மகனின் பிறந்தநாளுக்குப் பால்சோறு காய்ச்சுவார். அவர் போன நாளில் இவர் எங்கே போனீர்கள் என்று கேட்டதில்லை. இவர் காய்ச்சிய பால்சோற்றை அவர் மறுக்காமல் சாப்பிடுவார். எனக்கென்றும் ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருப்பார்கள்.

இரண்டு மாரிக்கு முன்னர் மகேசண்ணை இறந்துபோனார். யூனியன்வில்லில் இருக்கும் மகள் மரண அறிவித்தல் எழுத என்னைக் கூப்பிட்டாள். எங்கள் அறிவித்தல்கள் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் பெயர், பக்கத்தில் அடைப்புக்குள் அவர்கள் இருக்கும் நாடு. இறந்த பிள்ளையென்றால் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற.

"அம்மாவைக் கேக்க எனக்குப் பயமா இருக்கு அங்கிள்" என்றாள் மகள். "தம்பிக்கு என்ன போடுறது?"

நான் போய்க் கேட்டேன். பவளக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் பொலிவியா என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அத்தனை வருடமும் அந்தச் சாலையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரு எண்டு போடுங்கோ" என்றார். "அவன் அங்கைதான் எண்டு அவர் சொன்னவர். அவர் சொன்னபடியே போகட்டும்."

"அக்கா, முன்னாலை..."

"அது வேண்டாம்."

அப்படியே அச்சாயிற்று. ரஞ்சினி (கனடா), சுதாகரன் (பெரு) ஆகியோரின் அன்புத் தந்தையும். பூதவுடல் பார்வைக்கு வைத்த மண்டபத்தில், பழைய விமான நிலையக் கூட்டாளி ஒருவர் அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மகேசருக்குப் பெருவிலை ஒரு மகனோ? இவ்வளவு காலம் வேலை செய்தும் சொல்லேல்லையே மனிசன். பொடியன் வரேல்லையோ?"

"வரேலாமப் போச்சு அண்ணை."

"அங்கை விசா கிசா எல்லாம் கிடைச்சிட்டுதோ?"

பவளக்கா முன்வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். போறணையடியில் நான் தமிழில் சொல்லச் சொல்ல என் வாயைப் பார்த்திருந்த அதே பார்வை.

"ஓம்" என்றேன். "அங்கையே நிரந்தரமா இருந்திட்டார்."

"அது போதுமப்பா" என்றார் அந்த மனிதர். "எந்த நாடெண்டாலும் பிள்ளை ஒரு இடத்திலை நிண்டிட்டுது எண்டாப் பெத்ததுகளுக்கு நிம்மதிதானே."